ஒரிஜினல் ரப்பர்

சித்த நில்லுங்க தம்பி. அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழ வைங்க, நானே சொல்லிப்போடறேன். ஆமாங்க, அது பழைய ரப்பர்தான். புதுசு இல்லீங்க. நீங்க நகத்தால கீறிப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, வெவரமான ஆளுன்னு. கல்லாட்டம் இருக்குதுங்களா? இருக்கட்டும். நாப்பது வருசத்து ரப்பர் வெண்ணெயாட்டமா இருக்கும்?

எங்க மாப்ளை அந்தப் பழைய வண்டிக் கிளப்புக் குரூப்புல போட்டோ போட்டிருந்தாரு, "இன்டேக் ரப்பர் ரெண்டும் புதுசு மாத்தியாச்சு"ன்னு. அதைப் பார்த்துட்டுத்தானே நீங்க சேலத்துல இருந்து டெம்போ புடிச்சு வந்திருக்கீங்க. அவரு பொய் சொல்லலீங்க. மாத்துனாரு. நெசமாவே மாத்துனாரு. அப்பறம் என்ன ஆச்சுன்னா, அதைத்தான் சொல்ல வர்றேன். உங்களை ஏமாத்தோணும்னு எனக்கு என்னங்க வந்திருக்குது? ஒளிவு மறைவில்லாம சொல்லிப்போடறேன். நீங்களும் கேட்டுட்டு, கேட்டதை இங்கயே விட்டுட்டுப் போயிரோணும்.

உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. டெம்போக்காரர் டீ குடிச்சுட்டு வரட்டும், ஆனா வெரசா வரச் சொல்லுங்க. எம்மக கோகிலாவும் மாப்ளையும் பிசியோதெரபிக்குப் போயிருக்காங்க. மத்தியானச் சோத்துக்கு வந்துருவாங்க. அதுக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டியிருக்கோணும். அவங்களுக்குத் தெரியாதுங்களான்னா, தெரியாதுங்க. போனதுக்கப்பறம் சொல்லிக்கலாம். சீக்குல இருக்கற மனுசன்கிட்ட எதை எப்பச் சொல்றதுன்னு ஒரு இது இருக்குதில்லீங்க.

இந்த வண்டியை நான் எடுத்தப்ப இந்தப் பொள்ளாச்சியில ரெட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்கு இன்னொண்ணு கெடையாதுங்க. நாரு மில்லு ஆரம்பிச்ச புதுசு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பினேன்னா கடைக்குள்ள இருக்கறவன் எந்திரிச்சு வெளிய வந்து பார்ப்பான். இன்னைக்கு மில்லு மச்சினன் கையில போயிருச்சு, எனக்கு சர்க்கரை வந்துருச்சு, மண்டையில மசுரு இல்ல. வண்டி மட்டும் அப்படியே இருக்குது. அப்படியேன்னா அப்படியேதானுங்க. பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகிப் பாருங்க, உள்ள இருக்கற வாஷர் வரைக்கும் ஒரிஜினல். எவன் கையும் பட விடல.

கிளப்புல வருசா வருசம் கோயமுத்தூர்ல ஒரு கண்காட்சி வெக்கறாங்க. ஜட்ஜுக வந்து டார்ச் லைட்டு அடிச்சுப் பார்ப்பாங்க. கீழ குனிஞ்சு, சைலன்சருக்குப் பின்னால, சீட்டுக்கு அடியில, எங்கியும் விடமாட்டாங்க. ஒவ்வொரு சாமானத்துலயும் கம்பெனி முத்திரை இருக்கோணும். மாத்துச் சாமான் ஒண்ணு இருந்தாலும் மார்க்கு போச்சு. இன்னொண்ணு, வண்டியை ஓட்டிட்டு வந்து ஓட்டிட்டுத்தான் போகோணும். டெம்போவுல ஏத்திட்டு வந்தா கேட்டுலயே திருப்பித் தாட்டி விட்ருவாங்க. அந்தக் கப்பு வாங்கறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க.

மொத வருசம் ஒரே ஒரு போல்ட்டுக்கு எனக்குக் கப்பு போச்சு. ஒரு போல்ட்டு! நம்பர் பிளேட்டைப் புடிச்சிருக்கற போல்ட்டு. எனக்குப் பொக்குனு போச்சுங்க. கப்பு வாங்குன ஆளு, அவினாசிக்காரரு, எங்கிட்ட வந்து, "அடுத்த வருசம் பார்க்கலாங்க அண்ணா"ன்னு தோள்ல தட்டறாரு. என்னை! எங்கூட்டு அம்மணி வேற வர்ற வழியெல்லாம், "ஒரு போல்ட்டுக்கு மூஞ்சியை இப்படி வெச்சுக்கறீங்களே"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

மாப்ளை பேரு திருமூர்த்தி. பாலிடெக்னிக்குல ஒர்க் ஷாப் வாத்தியாரு. பெரிய எடத்துச் சம்பந்தமெல்லாம் வந்துச்சுங்க எம்மகளுக்கு. இவரைத்தான்னு ஒத்தக் கால்ல நின்னுட்டா. சரி, போகட்டும்னு விட்டேன். ஆளு தங்கம், அதைக் கொறை சொல்ல மாட்டேன். அதிர்ந்து பேச மாட்டாரு. ஒரே ஒரு சீக்கு என்னன்னா, எதையும் ஒருக்காப் பார்த்தாப் பத்தாது. ஒரு ஸ்க்ரூவை இறுக்குனா, இறுக்குன கையோட ஒருக்கா, இன்ஜின் ஓடிச் சூடு ஆறுனதுக்கப்பறம் ஒருக்கா. பசங்களுக்கும் அதையேதான் சொல்லுவாராம். அவருகிட்டப் படிச்ச பசங்க ரோட்டுல பார்த்தா வண்டியை நிறுத்திக் கும்புடுவானுக.

போன புரட்டாசியில வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் எறங்க மாட்டேங்குது, அதும்பாட்டுக்கு ஏறிட்டே போகுது. மாப்ளை ஒரு பஞ்சுல பெட்ரோலை நனைச்சு, ஓடற இன்ஜின்ல இந்த ரப்பரைச் சுத்தி ரெண்டு சொட்டு விட்டாரு. சத்தம் சட்டுனு மாறுச்சு. உடனே ஆஃப் பண்ணிட்டாரு. "மாமா, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் வெறைச்சு வெடிச்சுப் போச்சுங்க. வெடிப்பு வழியா வெளிக்காத்தை இழுக்குது. காத்து எச்சாப் போயி பெட்ரோல் பத்தாமப் போனா இன்ஜின் சூடேறும். வேகத்துல போறப்ப பிஸ்டன் அப்படியே புடிச்சுக்கும். பின் சக்கரம் நின்னுபோயிரும்"ன்னாரு. நல்லாத்தான் வெளக்கிச் சொன்னாரு, எனக்கும் புரிஞ்சுது.

புது ரப்பருக்கு எங்கெங்கயோ சொல்லி வெச்சு வரவழைச்சாரு. சுடுதண்ணியில போட்டு எளக்கி, ஒரு ஞாயித்துக்கெழமை உக்காந்து மாட்டுனாரு. பேரனுக்குக் காய்ச்சல்னு நடுவுல எம்மக கூப்புட்டா, எந்திரிச்சுப் போயிட்டு வந்து மறுபடி உக்காந்தாரு. இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னால வருது. மாட்டி முடிச்சு ஸ்டார்ட் பண்ணுனா, வண்டி அப்படியே பூனையாட்டம் நின்னு ஓடுது. அதை நான் இல்லைங்கல.

ஆனா பாருங்க, அந்த ரப்பருல முத்திரை இல்ல. பளபளன்னு கறுப்பா இருக்குது. டார்ச்சு அடிச்சா மொதல்ல அதுதான் கண்ணுல படும். நான் தன்மையாத்தான் கேட்டேன், "மாப்ள, கண்காட்சி ஒரு நாளைக்கு மட்டும் பழசை மாட்டிக்கலாமுங்களா?"ன்னு. "மார்க்கு போனாப் போகட்டும் மாமா, உசுரு முக்கியமில்லீங்களா"ன்னு சிரிச்சுட்டே சொல்லிப்போட்டாரு. உசுராம்! ரெண்டு ரப்பருக்கு எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க. எனக்கு சுருக்குனு வந்துச்சு. எவ்வூட்டு வண்டிங்க அது? மாப்ளைகிட்ட எதிர்த்துப் பேசறது நம்ம பழக்கம் இல்லீங்க.

பழைய ரப்பரை அவரு குப்பையில போட்டாரு, நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். கோத்தகிரியில தேயிலை வெச்சிருக்கற சிநேகிதர் ஒருத்தர் சொன்னாரு, மூட்டுவலிக்குத் தேய்க்கற விண்டர்கிரீன் தைலம் இருக்குதில்லீங்க, அதுல தின்னரைக் கலந்து ஊறப்போட்டா எப்பேர்ப்பட்ட ரப்பரும் எளகிரும்னு. தைலம் வாங்கிட்டு வந்து, எங்கூட்டு ஊறுகா ஜாடியில ஊத்தி, உள்ள போட்டு வெச்சுட்டேன். வீடு பூரா தைல வாசம். "முட்டி வலிக்குதுங்களா?"ன்னு அம்மணி கேட்டா. ஆமான்னேன். நாலஞ்சு நாள்ல எடுத்துப் பார்த்தா, அடேங்கப்பா! பிஞ்சு வெண்டைக்காயாட்டம் வளையுது. கறுப்பு ஏறிருச்சு. முத்திரை எழும்பி எழுத்துத் தெரியுது. உள்பக்கத்து வெடிப்புக்குக் கறுப்புப் பசையை வெச்சுத் தேச்சு விட்டேன். கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சுங்க. இப்பத்தான் தைலம் காஞ்சு மறுபடி கல்லாயிருச்சு.

கண்காட்சிக்கு மொத நாளு மாப்ளை பரீட்சை டூட்டிக்குப் போயிட்டாரு. நான் வண்டி நிறுத்தற இந்த சாளைக்குள்ள உக்காந்து புதுசைக் கழட்டிட்டு இதை மாட்டுனேன். மில்லு வெச்சவனுக்கு நாலு ஸ்க்ரூ கழட்டி மாட்டத் தெரியாதுங்களா? ரப்பரைச் சுத்திப் புடிக்கற இந்த ரெண்டு கிளாம்ப்பும் நானே இறுக்குனது. அதான் உங்க ஸ்க்ரூடிரைவருக்கு அசைய மாட்டேங்குது. அவருகிட்டச் சொல்லலைங்க. சொன்னா ராவடி ஆயிரும். கண்காட்சி முடிஞ்ச மறுநாளு சத்தமில்லாம திருப்பி மாட்டிப்போடலாம்னுதான் ரோசனை. ஒரே ஒரு நாளு. ஒரு நாள்ல என்னங்க ஆயிரப்போகுது?

எங்கூட்டு அம்மணி ஜாடியைக் கழுவறப்ப அடியில கறுப்பா மசை இருந்துச்சாம். "ஏனுங்க, மாப்ளை வேண்டாம்னு போட்ட ரப்பரை எதுக்குங்க மறுபடி?"ன்னா. "உன் சோலியைப் பாரு"ன்னேன். அத்தோட சரி.

கண்காட்சியன்னைக்குக் காலையில மாப்ளைதான் ஓட்டிட்டு வந்தாரு. எனக்கு இப்பெல்லாம் கிக்கர் மிதிக்க முட்டி ஒத்துக்கறதில்ல. நானும் எம்மகளும் பேரனும் முன்னால கார்ல. ஊர்வலமாட்டம் மெதுவாத்தான் போனோம். ஒண்ணும் ஆகலையே? நீங்களே சொல்லுங்க, ரப்பர்ல கோளாறுன்னா போறப்பவே ஆகியிருக்கோணுமில்ல?

ஜட்ஜு வந்தாரு. பெரிய மீசைக்காரரு, பெங்களூர்ல இருந்து வந்தவரு. குனிஞ்சு டார்ச்சு அடிச்சாரு. வெரலை விட்டு அந்த முத்திரையைத் தடவிப் பார்த்தாரு. நிமிந்து என்னைப் பார்த்து, "ரப்பர் கூடவா சார் ஒரிஜினல்!"ன்னாரு. என் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. கல்யாணத்தன்னைக்குக் கூட வரல. நல்ல வேளை, அந்நேரத்துக்கு மாப்ளை பேரனைக் கூட்டிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தாரு. மேடையில கப்பைக் குடுத்தாங்க. அவினாசிக்காரரு மூஞ்சியைப் பார்க்கோணுமே நீங்க.

மாப்ளையும் கை தட்டுனாருங்க. எனக்காக மனசாரச் சந்தோசப்பட்டாரு. "மாமா, ரப்பருக்குக் கூட மார்க்கு வெட்டலை பாருங்க, நீங்கதான் பயந்தீங்க"ன்னாரு. நானும் சிரிச்சேன்.

ஊட்டுல சொந்தக்காரங்க, ஒறம்பரையெல்லாம் வந்து உக்காந்திருக்காங்கன்னு போன் வந்துச்சு. கப்பும் வண்டியும் வாசல்ல சேர்ந்து நின்னாத்தானே பார்க்க நல்லா இருக்கும்? அதனால நாங்க கார்ல கெளம்பறப்ப, "மாப்ள, வெரசா வந்துருங்க, எல்லாரும் காத்திருக்காங்க"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லலீங்க. வெரசான்னா பறந்துட்டு வான்னா அர்த்தம்? நாங்க வந்து சேந்தோம். எலை போட்டோம். கப்பை டீப்பாய் மேல வெச்சிருக்குது, ஒவ்வொருத்தரா எடுத்துப் பார்க்கறாங்க. சாப்புட்டு முடிச்சாச்சு, மாப்ளையைக் காணோம். எம்மக வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கறா. அப்பறம் அவரு நம்பர்ல இருந்து வேற யாரோ பேசுனாங்க.

கிணத்துக்கடவு தாண்டி நல்ல நேர் ரோடுங்க. எதுத்தாப்புல வண்டி கெடையாது, குறுக்க ஆடு மாடு கெடையாது. ரோட்டுல பின் டயரு தேஞ்ச கோடு மட்டும் கறுப்பா நெடுக இருந்துச்சு. சறுக்கிட்டே போயி ஓரத்துப் பாலத்துச் செவுத்துல முதுகு அடிச்சிருக்குது. ஹெல்மெட்டு போட்டிருந்ததால தலைக்கு ஒண்ணும் இல்ல. இடுப்புக்குக் கீழதான் உணர்ச்சி ஒண்ணுமில்லாமப் போச்சு. வண்டியைப் பாருங்க, ஹேண்டில் பாரும் இண்டிகேட்டரும்தான் போயிருக்குது. டேங்குல ஒரு கீறல் கெடையாது.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ரப்பரால ஆச்சுங்கறீங்களா? அடக் கெரகமே! நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களா? ரோட்டோரம் மணல் கெடந்துச்சுங்க, என் கண்ணாலயே பார்த்தேன். இதே வண்டியில நான் வயசுல ஊட்டி வரைக்கும் அடிச்சுப் போயிருக்கேன், என்ன ஆச்சு? கொஞ்சம் வேகம் எச்சாப் போயிருச்சு, அவ்வளவுதான். பிஸ்டன் புடிச்சிருக்குதுதான். கிக்கரு எறங்காது, நீங்களே மிதிச்சுப் பார்த்தீங்க. பிஸ்டன் புடிக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குது.

ஆஸ்பத்திரியில அவருக்கு நெனப்பு வந்தப்ப நான்தான் கட்டில்கிட்ட இருந்தேன். எம்மக மருந்து வாங்கப் போயிருந்தா. கண்ணைத் தொறந்தாரு. கால் என்னாச்சுன்னு கேட்கலீங்க. பேரன் எங்கன்னு கேட்கல. "மாமா, இடது பக்கத்துக் கிளாம்ப்பு... கோகிலா கூப்புட்டான்னு நடுவுல எந்திரிச்சேன். திரும்பி வந்து நான் இறுக்குனனுங்களா?"ன்னு கேட்டாரு.

நான் என்னங்க சொல்றது? டியூப்பு சொருகியிருக்குது, மூச்சு வாங்குது, அந்நேரத்துல உக்காந்து ஊறுகா ஜாடிக் கதையா சொல்ல முடியும்? "அதெல்லாம் இப்ப எதுக்குங்க மாப்ள, விடுங்க"ன்னேன். பொய் சொல்லலைங்க. ஒரு வார்த்தை கூட பொய் சொல்லல. "விடுங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவரு என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாரு. "அப்ப இறுக்கலை"ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. கண்ணோரம் தண்ணி எறங்குச்சு. அன்னையிலிருந்து அதே நெனப்புதான், லூசான கிளாம்ப்பு வழியா வெளிக்காத்தை இழுத்துத்தான் பிஸ்டன் புடிச்சுதுன்னு. அவராவே முடிவு பண்ணிக்கிட்டதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?

ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து, "மாமா, வண்டியை ஒருக்காப் பார்க்கோணும். அந்த கிளாம்ப்பை மட்டும் பார்த்துட்டாப் போதும்"ங்கறாரு. சாளைக்கு ரெண்டு படி இருக்குதுங்களே, வீல்சேர் எப்படி ஏறும்? எம்மக, "சாய்வா சிமெண்டுல கட்டிவிடுங்கப்பா"ன்னா. கொத்தனார்கிட்டச் சொல்லியிருக்கேன்னு சொல்லிட்டே இருக்கேன். இந்தக் கொத்தனார்க சமாச்சாரம்தான் உங்களுக்குத் தெரியுமே. "போட்டோவாவது புடிச்சுட்டு வா"ன்னு எம்மகளை அனுப்பியிருக்காரு ஒரு நாளு. சாவி எங்கியோ வெச்சுட்டேன்னுட்டேன்.

அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு தம்பி. பொங்கலன்னைக்கு. எல்லாரும் இருக்கறப்ப, வீல்சேரை உருட்டிட்டு எம்முன்னால வந்து கையைப் புடிச்சுக்கிட்டு, "உங்க வண்டியைக் கெடுத்துப்போட்டேன் மாமா. உங்க மகளுக்கும் இந்தக் கதி பண்ணிட்டேன்"னு. ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லீங்க. "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலீங்க மாப்ள"ன்னேன். நெசமாலுமே வெச்சுக்கல. அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல அவரை. வேற மாமனாரா இருந்தா, "என் வண்டியை இப்படிப் பண்ணிட்டியேடா"ன்னு குதிச்சிருப்பான்.

பாலிடெக்னிக்குல இருந்து பிரின்சிபாலே நேர்ல வந்தாருங்க. "உக்காந்துட்டே பாடம் எடுங்க திருமூர்த்தி, பசங்க உங்களைத்தான் கேக்கறாங்க, வேன் அனுப்பறோம்"னு கெஞ்சாத கொறை. மாட்டேன்னுட்டாரு. "ஒரு கிளாம்ப்பு இறுக்க மறந்தவன் எந்த மூஞ்சியோட சார் பசங்களுக்கு செக் பண்ணுங்கடான்னு சொல்றது?"ன்னாரு. அந்தாளு போறப்ப எங்கிட்ட, "நீங்க எடுத்துச் சொல்லுங்க"ன்னாரு. என்னத்தைச் சொல்றது? எம்மக வேலைக்குப் போயி அல்லாடறா. இவன் வேலை வேண்டாம்னு ஜன்னல் வழியா சாளையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கான். தப்பா நெனச்சுக்காதீங்க, கோவத்துல வாயில அப்படி வந்துருச்சு. அவரு.

கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணுத்தையும் தொட மாட்டாரு. பேரன் சைக்கிளைத் தூக்கிட்டு வந்து, "அப்பா, பிரேக்கு புடிக்கலை"ன்னு முன்னால நிறுத்தறான். ஸ்பேனரை எடுத்து நட்டுல வெச்சாரு, எடுத்தாரு, மறுபடி வெச்சாரு. கீழ போட்டுட்டு, "அப்பிச்சிகிட்ட குடு கண்ணு, அப்பாவுக்குத் தெரியாது"ன்னாரு. தெரியாதாம்! நான்தான் இறுக்கிக் குடுத்தேன். "அப்பிச்சி இறுக்குனாச் சரியா இருக்கும்"னு பையன்கிட்டச் சொல்றாரு.

உண்மையைச் சொல்லிப்போட்டா என்னன்னு கேக்கறீங்க. உங்களுக்கென்ன, வண்டியை ஏத்திட்டுப் போயிருவீங்க. ரோசிச்சுப் பாருங்க. தன் தப்புன்னு நெனச்சா மனசு ஒரு நாளைக்கு அடங்கிரும். அடுத்தவன் மேலன்னு தெரிஞ்சா எரிஞ்சுட்டே கெடக்குமில்ல? அவரு கால் திரும்பி வருமா? வராது. எம்மக பொட்டியைக் கட்டிட்டுக் கெளம்பிருவா. இந்த நெலமையில அவரைத் தூக்கிட்டு எங்க போவா? எம்பேரன் மூஞ்சியை நான் அப்பறம் பார்க்க முடியுமா? எல்லாரும் ஒரு கூரைக்கடியில இருக்காங்கன்னா அது நான் வாயை மூடிட்டு இருக்கறதாலதான். யாரும் அதைப் புரிஞ்சுக்கறதில்ல. எங்கூட்டு அம்மணி அன்னையில இருந்து எங்கிட்டப் பேசறதே இல்லைங்க. சோத்தைப் போட்டு வெச்சுட்டு அக்கட்டாலப் போயிருவா. என்ன ஆச்சு உனக்குன்னா, "ஒண்ணுமில்லை"ங்கறா. பொம்பளைக மனசுல என்ன இருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்?

போன வாரம் என்ன பண்ணிட்டாரு தெரியுங்களா? பழைய மாணவனுக ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்காரு. வர்ற ஞாயித்துக்கெழமை அவரை நாற்காலியோட தூக்கிட்டு வந்து சாளையில வைக்கப்போறாங்களாம். "பார்த்துட்டேன்னா ஒரு முடிவு தெரிஞ்சுரும் மாமா. இறுக்கியிருந்தா வேலைக்குப் போறேன். இல்லாட்டி ஜென்மத்துக்கும் ஸ்பேனரைத் தொட மாட்டேன்"ங்கறாரு. கிளாம்ப்பு இறுகியிருக்கறதைப் பார்த்தா, அப்ப எதனால ஆச்சுன்னு அடுத்து ரப்பரைத்தானே பார்ப்பாரு? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க. அதான் முந்தியே வண்டியைக் கேட்டுட்டிருந்த உங்களுக்குப் போன் போட்டேன். வெலையைப் பத்தி உங்ககிட்டப் பேசுனனா? நீங்க கேட்ட வெலைதானே? புரிஞ்சுக்குங்க.

டெம்போ வந்துருச்சு பாருங்க. பலகையைப் போடச் சொல்லுங்க. மெதுவா, மெதுவா, முன்னால நீங்க புடிங்க. பின்னால நான் தள்ளறேன். அட டிரைவரு, நீயும் ஒரு கை குடுப்பா. சரி. கயித்தை நல்லாக் கட்டுங்க. தார்ப்பாயைப் போடுங்க, முழுசா மூடுங்க. இந்தாங்க தம்பி, இந்தப் பையையும் வெச்சுக்குங்க. அந்தப் புது ரப்பர் ரெண்டும் இதுலதான் இருக்குது. இனி எனக்கு எதுக்கு? ஓட்டறதா இருந்தா இதை மாட்டிக்குங்க. பழசோட ஓட்டாதீங்க, உசுரு விசயம்.

அய்யோ, ஆட்டோச் சத்தம். அதுக்குள்ள வந்துட்டாங்களா? நீங்க பேசாம முன்னால ஏறி உக்காருங்க. உக்காருங்கங்கறேன்ல! நான் பார்த்துக்கறேன்.

வாங்க மாப்ள, வா கோகிலா. இன்னைக்கு வெரசா முடிஞ்சுருச்சா? இவரா, இவரு சேலத்துக்காரரு. ஆமாங்க மாப்ள, குடுத்துட்டேன். உங்களுக்காகத்தான் குடுத்தேன், அதைப் பார்த்துப் பார்த்துத்தானே நீங்க இப்படி ஆயிட்டீங்க. கோகிலா, நீ சத்தம் போடாத, தெருவே பார்க்குது. தார்ப்பாயை எடுக்காத கண்ணு, இறுக்கிக் கட்டியாச்சு, அவருக்கு நேரமாச்சு. மாப்ள, நீங்க எதுக்குங்க வெயில்ல உருட்டிட்டு வர்றீங்க? என்னங்க? அவருகிட்டவா கேக்கோணும்? எதுக்குங்க அவருகிட்ட...

தம்பி, எறங்குங்க. பரவாயில்ல, எறங்கி வாங்க. எங்க மாப்ளை உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறாரு. நீங்க வண்டியைப் பார்த்தீங்களே, இடது பக்கத்துக் கிளாம்ப்பு எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாரு. ஏன் என்னைப் பார்க்கறீங்க, அவரைப் பார்த்துச் சொல்லுங்க. கொஞ்சம் முன்னால எங்கிட்டச் சொன்னீங்களே, அதையே சொல்லிப்போடுங்க. லூசாத்தானே இருந்துச்சு? ஏனுங்க தம்பி, லூசாத்தானே இருந்துச்சு?